பறம்பின் நான்கு உணவும் புதுக்கோட்டைக் காட்டின் கலோரிக் கணக்கும்

காட்டில் தின்ன ஏதாவது கிடைப்பதும் உயிரைத் தாங்கும் அளவுக்குக் கலோரி கிடைப்பதும் ஒன்றல்ல. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவுகளின்படி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் நாளொன்றுக்கு 2,110 கிலோகலோரி தேவை. நடுத்தர உழைப்பு என்றால் 2,710. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இவை முறையே 1,660, 2,130. காட்டில் உணவு தேடி அலைகிறவரை உட்கார்ந்த வேலைக்காரராகக் கொள்ள முடியாது. நடப்பது, தோண்டுவது, விறகு பொறுக்குவது, தண்ணீர் சுமப்பது எல்லாமே செலவில் சேரும். ஆகவே 2,500 கிலோகலோரியை ஓர் ஆளின் ஒரு நாள் தேவையாக வைத்துக்கொண்டு, ஒரு நிலப்பரப்பு அதை எந்த மாதத்தில், எந்த வழியில், எவ்வளவு உழைப்புக்குத் தரும் என்று பார்ப்பதே சரியான கேள்வி. புதுக்கோட்டை மாவட்டம் இந்தக் கணக்குக்கு ஏற்ற இடம். அங்கே அடர்ந்த காடு குறைவு. ஆனால் வறண்ட நிலத்தில் விளையாத காலத்தில் எதைத் தின்று பிழைப்பது என்ற அறிவு நீண்ட காலமாகச் சேர்ந்திருக்கிறது.

தமிழில் இந்தக் கணக்கை முதலில் போட்டவர் கபிலர். மூவேந்தரும் பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்டபோது, உழவர் உழாமலே அம்மலை நான்கு உணவுகளைத் தரும், ஆகவே முற்றுகையால் அதை வெல்ல முடியாது என்று அவர் பாடினார். மூங்கிலரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் ஆகியவையே அந்த நான்கு. புறநானூற்றின் 109ஆம் பாடல் அது. பறம்பு என்பது இன்றைய பிரான்மலை என்பது பெரும்பான்மையோர் கருத்து. சிவகங்கை மாவட்டத்தின் வட ஓரத்தில், புதுக்கோட்டை மாவட்டத்துப் பொன்னமராவதிக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த மலை.

பட்டியல் கவிஞருடையது என்றாலும் அதன் பின்னே பட்டறிவு இருக்கிறது. நான்கில் ஒன்றுகூடக் கீரையோ சிறுபழமோ அல்ல. நான்குமே மாவோ சர்க்கரையோ திரண்ட பொருள்கள். மூங்கிலரிசி மற்றத் தானியங்களைப்போல 100 கிராமுக்கு 350 கிலோகலோரியை ஒட்டித் தரும். தேன் 300க்குச் சற்று மேல். பலாச்சுளை 90க்குக் கீழேதான், ஆனால் ஒரு பழமே பல கிலோ எடை, அதன் கொட்டையிலும் மாவுச்சத்து உண்டு. குறை இருப்பது காலத்தில். முள்மூங்கில் ஏறத்தாழ 40, 50 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூத்து அரிசி தரும், தந்ததும் பட்டுப்போகும். பலா கோடையோடு சரி. தேனடையும் பூக்காலத்தைப் பொறுத்தது. ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் காத்திருப்பது வள்ளி ஒன்றே.

சங்க இலக்கியமே இந்தக் குறைக்குச் சாட்சி சொல்கிறது. அகநானூற்றின் 78ஆம் பாடலும் 303ஆம் பாடலும் அதே முற்றுகையைக் குறிப்பிடுகின்றன. நக்கீரரும் ஔவையாரும் பாடிய அவற்றில், பழக்கிய பறவைகள் வெளியே பறந்துபோய் நெற்கதிர்களைக் கொண்டுவந்து பறம்பில் இருந்தவர்களைக் காப்பாற்றுகின்றன. பறவைக் கதை வரலாறாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் மலையில் நான்கு உணவு இருந்தும் வெளியே விளைந்த நெல் தேவைப்பட்டது என்று அந்தத் தலைமுறைக் கவிஞர்களுக்குத் தோன்றியிருக்கிறது. காட்டில் கலோரி தேடுவதன் சிக்கல் முழுவதும் இந்த இரண்டு கூற்றுகளுக்கு நடுவில் அடங்கியிருக்கிறது.

புதுக்கோட்டையில் ஆண்டு மழை சராசரியாக 900 மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் கூடுதலான பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. வற்றாத ஆறு இல்லை. அந்தக் குறையை ஈடுகட்ட 5,000க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்களை வெட்டிவைத்திருக்கிறார்கள். இயற்கையான காடு என்று எஞ்சியிருப்பது நார்த்தாமலை போன்ற குன்றுகளைச் சுற்றியும், ஐயனார் கோயில் காடுகளிலும், செம்புரைக்கல் மேடுகளிலும் காணப்படும் முட்புதரும் குட்டை மரமும் கலந்த உலர் பசுமைக்காடு. பாலை, வீரை, காரை, சூரை, களா, இலந்தை, நாவல், விளா ஆகியவை அதன் மரங்களும் செடிகளும்.

பெயரைக் கேட்டால் பழக்கூடைபோல் இருக்கும். கணக்குப் போட்டால் கை சுருங்கிவிடும். இலந்தைச் சதையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 74 கிலோகலோரி. 2,500 சேர வேண்டுமானால் கொட்டை நீக்கி மூன்றரைக் கிலோ சதை வேண்டும். நாவல் இதிலும் குறைவு, 62. ஒவ்வொன்றாக முள்ளுக்குள் கைவிட்டுப் பறிக்க வேண்டிய சூரைப்பழத்துக்கும் காரைப்பழத்துக்கும் செலவழிக்கும் நேரத்தைப் பார்த்தால், அவை ஆடு மேய்க்கிற பிள்ளைகளின் வாய்க்கு ருசியே தவிர ஓர் ஆளின் சாப்பாடு அல்ல. விளாம்பழம் மட்டும் மாறுபட்டது. ஓட்டுக்குள் இருக்கும் சதையில் 100 கிராமுக்கு 130க்கு மேல் இருக்கிறது. பறித்தபின் சில நாள் கெடாமலும் இருக்கும். புளியம்பழத்தின் சதையில் 280 வரை இருந்தாலும், அதன் புளிப்பை வயிறு எவ்வளவு தாங்கும் என்பது வேறு கேள்வி. உலக்கைப்பாலையின் மஞ்சள் பழம் கோடையில் மரம் நிறையக் காய்க்கும். தேனாக இனிக்கும், பால் பிசுக்கு உதட்டில் ஒட்டும், இரண்டு கைப்பிடிக்கு மேல் போகாது.

கீரையின் கதை இன்னும் மெலிந்தது. மழை விழுந்த இரண்டாம் வாரத்தில் தரிசெங்கும் பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, வேலியில் முசுமுசுக்கை, தூதுவளை, கோவை என்று பச்சை நிறைந்துவிடும். உயிர்ச்சத்தும் இரும்பும் சுண்ணாம்பும் இவற்றில் உண்டு. கலோரி 100 கிராமுக்கு 25 முதல் 45 வரைதான். ஒரு நாள் தேவைக்கு எட்டுக் கிலோ கீரை தின்ன வேண்டும். மாட்டின் வயிறு மனிதனுக்கு இல்லை. பஞ்சத்தில் கீரை மட்டும் தின்றவர்களுக்கு வயிற்றுப்போக்குக் கண்டு, இருந்த தெம்பும் போனதற்குக் காரணம் இதுவே. காட்டில் பிழைப்பது பற்றிப் பேசும் நூல்கள் உண்ணத்தக்க இலைகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்குவது வழக்கம். பசி தீர்க்கும் வரிசையில் இலைக்குக் கடைசி இடம்தான் நியாயம்.

மண்ணுக்கு அடியில்தான் மாவு இருக்கிறது. மழைக்காலத்தில் கொடியாகப் படரும் காட்டு வள்ளி, இலை காய்வதற்குள் கிழங்கில் சத்தைச் சேர்த்துவைக்கும். கொடி காய்ந்து உதிர்ந்துவிட்டால் இடத்தைக் கண்டுபிடிப்பது கடினம். பச்சையாக இருக்கும்போதே இடத்தைக் குறித்துவைத்துக்கொள்கிறவருக்குத்தான் கிழங்கு. செம்புரை மண் கோடையில் கல்லாகிவிடும். கடப்பாரை இல்லாமல் இரண்டு அடி ஆழம் தோண்டினால் கிழங்கு தருவதில் ஒரு பங்கு வேர்வையிலேயே போய்விடும். காட்டுக் கருணை இன்னொரு சோதனை. அதிலுள்ள ஊசி வடிவ ஆக்சலேட் படிகங்கள் நாக்கையும் தொண்டையையும் அறுத்து வீங்கவைக்கும். புளி சேர்த்து நெடுநேரம் வேகவைக்கும் பழக்கம் அதற்காகவே வந்தது. காட்டு வள்ளி இனங்கள் சிலவற்றைச் சீவி, ஓடும் நீரில் ஊறவைத்து, திரும்பத் திரும்ப வேகவைத்தால்தான் நஞ்சு இறங்கும். இவற்றின் நடுவிலேயே கண்வலிக்கிழங்கும் வளர்கிறது. செங்காந்தள் பூக்கும் அந்தக் கொடியின் கிழங்கில் கோல்சிசின் என்ற நஞ்சு உண்டு. பசியில் தவறித் தின்றால் உயிரே போகலாம். எதைத் தின்பது என்பதற்கு முன்னால் எதைத் தொடக்கூடாது என்பதைக் கற்க வேண்டிய இடம் இது.

பக்குவம் தெரியாமல் கிடைத்த உணவு எப்படிக் கொல்லும் என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவில் நடந்தது. 1861இல் கூப்பர் ஓடைக் கரையில் சிக்கிக்கொண்ட பர்க், வில்ஸ் என்ற இரு பயணிகள், அங்கிருந்த யாண்ட்ருவாண்டா மக்கள் உண்ட நார்டூ என்ற செடியின் வித்துறையை மாவாக்கித் தின்றார்கள். வயிறு நிறைந்தது, உடல் தேய்ந்தது, இருவரும் இறந்தார்கள். அந்தச் செடியில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி உடலிலுள்ள பி1 உயிர்ச்சத்தை அழித்துப் பெரிபெரி நோயை உண்டாக்கியிருக்கும் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அந்த மக்கள் கையாண்ட பக்குவத்தைப் பயணிகள் முழுமையாகப் பின்பற்றவில்லை. குழுவில் எஞ்சிய ஜான் கிங் என்பவரை யாண்ட்ருவாண்டா மக்களே தங்களோடு வைத்துச் சோறு போட்டுக் காப்பாற்றினார்கள். நார்டூ வேறெங்கோ உள்ள அதிசயச் செடி அல்ல. புதுக்கோட்டை வயல் வரப்பிலும் கண்மாய் ஓரத்திலும் நான்கு இலையோடு படரும் ஆரைக்கீரையின் நேர் உறவு. ஆரையை இங்கே கீரையாக, சமைத்து, சோற்றோடு கொஞ்சமாகத் தொட்டுக்கொள்வார்கள், அதையே சோறாக்கியதில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 1918இல் குன்னூரில் பெரிபெரி ஆராய்ச்சிப் பிரிவாகத்தான் தொடங்கியது என்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

தானியத்தைக் காட்டிலிருந்தே எடுக்கும் வழியும் தமிழ் நிலத்தில் பழையது. பெரும்பாணாற்றுப்படை பாலை நிலத்து வேட்டுவப் பெண்களான எயிற்றியர் அதைச் செய்வதைக் கிட்ட நின்று காட்டுகிறது. இரும்புப் பூண் போட்ட கோலால் கரம்பை நிலத்தைக் கிளறி, எறும்புகள் சேர்த்துவைத்த புல்லரிசியை வாரி எடுக்கிறார்கள். விளா மர நிழலில் தரையிலேயே தோண்டிய உரலில் இட்டுக் குறு உலக்கையால் குற்றுகிறார்கள். ஆழக் கிணற்றின் உவர்நீரை முகந்து, வாய் உடைந்த பானையில் உலையேற்றி, உலர்ந்த இறைச்சியோடு உண்கிறார்கள். ஆற்றல் கணக்கில் இது கூர்மையான உத்தி. சிதறிக் கிடக்கும் புல் விதையைப் பொறுக்கும் வேலையை எறும்புகள் முடித்துவிட்டன. மனிதர் செலவிடுவது தோண்டும் உழைப்பு மட்டும். கருவிகளையும் கவனிக்க வேண்டும்: இரும்பு முனைக் கோல், உரல், உலக்கை, பானை, தீ. கையை வீசிக்கொண்டு போனவருக்கு எறும்புப் புற்றிலுள்ள தானியம் கலோரி ஆகாது.

புதுக்கோட்டை நிலத்தில் கலோரிக்கு முதல் மரம் பனை. கண்மாய்க் கரையிலும் புஞ்சை வரப்பிலும் நிற்கும் பனைகள் பெரும்பாலும் மனிதர் ஊன்றியவை; ஆனால் நீர் பாய்ச்சாமல், உரமிடாமல், எந்த வறட்சியிலும் நிற்பவை. ஒரே மரம் ஆண்டின் மூன்று பருவத்தில் நான்கு வடிவில் உணவு தருகிறது. கோடையில் பதநீர், நுங்கு. ஆவணி, புரட்டாசியில் பழம். தை மாதத்தில் கிழங்கு. நுங்கின் கலோரி 100 கிராமுக்கு 40 அளவில்தான், அது தாகத்துக்கு. பதநீரில் நூற்றுக்கு 12 பங்கு அளவு சர்க்கரை இருக்கும். லிட்டருக்கு 450 முதல் 500 கிலோகலோரி என்று கொண்டால், ஐந்து லிட்டர் ஓர் ஆளின் ஒரு நாள் தேவையை முடித்துவிடும். பாளை சீவத் தெரிந்த ஒரு பனையேறி சில மரங்களை வைத்துக்கொண்டு இதற்குமேல் இறக்கிவிடுவார். தெரியாதவருக்கு மரத்தின் உச்சி எட்டாது. ஏறி விழுந்தால் கலோரிக் கணக்கே தேவைப்படாது. கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். காய்ச்சிக் கருப்பட்டியாக்கினால் மாதக்கணக்கில் கெடாது.

கிழங்குக்கு மரம் ஏற வேண்டியதில்லை. ஆவணி, புரட்டாசியில் தானாக விழும் பழத்தின் சதையைச் சுட்டுத் தின்றுவிட்டு, கொட்டைகளைப் பொலபொலப்பான மண்ணில் நெருக்கமாகப் பரப்பி மூடினால், மழையில் முளைவிட்டு மூன்று, நான்கு மாதத்தில் மண்ணுக்குள் முழ நீளக் கிழங்கு இறங்கியிருக்கும். கிழங்கைத் தோண்டும்போது உடன் வரும் கொட்டையைப் பிளந்தால் உள்ளே பஞ்சுபோன்ற இனிப்பான தவுண் இருக்கும். பிள்ளைகள் முதலில் பறிப்பது அதைத்தான். கிழங்கை வேகவைக்கப் பானைகூட வேண்டாம், சருகுத் தீயில் சுட்டாலே போதும். நாரை உரித்து நடு நரம்பைப் பிளந்து எடுத்துவிட்டுத் தின்பார்கள். காயவைத்து இடித்தால் தானிய மாவுக்கு இணையான ஆற்றல். 700 கிராம் மாவு ஒரு நாளைக்குக் காணும். யாழ்ப்பாணத்தில் இதை ஒடியல் என்று பெயரிட்டுக் கூழும் பிட்டும் செய்வது ஒரு சமையல் மரபாகவே வளர்ந்திருக்கிறது. இருந்தும், புரட்டாசியில் புதைக்காதவருக்குத் தையில் கிழங்கு இல்லை. பனையும் முன்யோசனைக்குத்தான் சோறு போடுகிறது.

கண்மாய் இந்த மாவட்டத்தின் இரண்டாவது களஞ்சியம். சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் 9ஆம் நூற்றாண்டு ஓவியத்தில் தாமரைத் தடாகமும் அதில் மீனும் வாத்தும் எருமையும் யானையும் இருக்கின்றன. ஓவியத்தில் இருப்பவர்கள் பறிப்பது பூ. பசித்தவர்கள் தேடுவது பூவுக்குக் கீழே சேற்றில் இருக்கும் கிழங்கை. கொட்டிக்கிழங்கு, அல்லிக்கிழங்கு, தாமரைக்கிழங்கு எல்லாம் நீர் வற்றி அடிமண் வெடிக்கும் நேரத்தில் தோண்ட எளிது. அல்லி விதையும் அரிசிபோல் சமைக்கப்பட்டது. ஒக்கூர் மாசாத்தனார் பாடிய புறநானூற்றின் 248ஆம் பாடலில் கணவனை இழந்த பெண்ணுக்கு அதுவே உணவாகிறது. நெல் மறுக்கப்பட்டவர்களின் தானியம் என்று அதைச் சொல்லலாம்.

மாசி முதல் ஆனி வரை நீர் முழங்காலுக்கு இறங்கியதும் பொன்னமராவதி, இலுப்பூர், அன்னவாசல் வட்டாரங்களில் ஊர் கூடி மீன்பிடித் திருவிழா நடத்துகிறார்கள். கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். கையில் ஊத்தா, கச்சா, வலை. ஊத்தா என்பது மூங்கில் சிம்பால் பின்னிய, இரு புறமும் திறந்த கூடை. அடி அகலம், மேல் வாய் குறுகல். கலங்கிய நீரில் குத்துமதிப்பாக அமுக்கி, உள்ளே ஏதாவது மோதுகிறதா என்று பார்த்து, மேல் வாய் வழியே கையை விட்டு விராலையோ கெண்டையையோ பிடிப்பார்கள். தனி ஒருவர் கண்மாயில் இறங்கினால் மீன் மறுபக்கம் ஓடிவிடும். முந்நூறு பேர் இறங்கும்போது அதற்கு ஓட இடமில்லை. கூட்டம் சேர்ந்தால் ஆளுக்குக் கிடைக்கும் பங்கு கூடுகிற அரிய உணவுத்தேட்டம் இது.

ஆனால் மீனிலும் ஒரு கண்ணி உண்டு. நாட்டு மீன்களில் பெரும்பாலானவை கொழுப்புக் குறைந்தவை; 100 கிராமுக்கு 100 கிலோகலோரிதான், அதுவும் பெரும்பகுதி புரதம். மனித ஈரல் நாளொன்றுக்குக் கையாளக்கூடிய புரதத்துக்கு எல்லை இருக்கிறது. 250 கிராமைத் தாண்டினால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் களைப்பும் தொடங்கும். அந்த 250 கிராம் தருவது 1,000 கிலோகலோரி மட்டும். மீதியை மாவோ கொழுப்போ தந்தாக வேண்டும். வட துருவப் பகுதிகளில் வாழ்ந்து எழுதிய வில்ஹால்மர் ஸ்டெஃபான்சன், முயலை மட்டும் தின்கிறவர்கள் வயிறு நிறைய நிறையப் பட்டினியால் மெலிவதை முயல் பட்டினி என்ற பெயரில் விவரித்தார். புதுக்கோட்டை முட்காட்டு முயலுக்கும் அது பொருந்தும். இரண்டு கிலோ முயலில் ஒரு கிலோ கறி தேறினால் 1,100 கிலோகலோரி; கொழுப்பு ஏறக்குறைய இல்லை. நத்தையும் வயல் நண்டும் இதே கணக்கில் வரும். அவற்றை அரைவேக்காட்டில் தின்றால் ஒட்டுண்ணிகளும் கூடவே வரும்.

கொழுப்பு கிடைக்கும் இடம் எதிர்பாராதது: ஈசல். புரட்டாசி, ஐப்பசியில் முதல் கனமழை பெய்து விட்ட மாலையில் புற்றுகளிலிருந்து ஈசல் கிளம்பும். புற்று வாயருகே குழி தோண்டி, விளக்கு வைத்து, சுற்றி வந்து விழுவதை அள்ளி, இறகு உதிரப் புடைத்து வறுப்பார்கள். வறுத்த அரிசி, பொட்டுக்கடலையோடு கலந்தால் வாரக்கணக்கில் வைத்துத் தின்னலாம். இனம் பெருக்கப் பறக்கும் பூச்சி தன் உடலில் கொழுப்பைத் திணித்துக்கொண்டு புறப்படுவதால், காய்ந்த ஈசலில் 100 கிராமுக்கு 500 கிலோகலோரிக்கு மேல் இருக்கும். இறைச்சியும் மீனும் தராததைப் பூச்சி தருகிறது. பாரியின் நாட்டு வளத்தைச் சொல்லும் புறநானூற்றின் 119ஆம் பாடலிலும் புற்றீசல் கலந்த புளித்த மோர்க்குழம்பு வருகிறது. அதைப் பாடியவரும் கபிலரே. நான்கு உணவுப் பட்டியலில் விட்டுப்போன கொழுப்பை அவர் இங்கே சேர்த்துவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. ஈசல் ஆண்டில் சில மாலைகள்தான் கிளம்பும் என்பது வேறு.

வேட்டையைக் கணக்கில் சேர்க்க இன்று இடமில்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உடும்பும், விராலிமலைச் சுற்றுவட்டாரத்து மயிலும் உச்சப் பாதுகாப்புப் பெற்றவை. முயல், காடை, கௌதாரி பிடிப்பதும் குற்றம். சட்டம் இல்லாத காலத்திலும் வேட்டை நம்பத்தகுந்த கலோரியாக இருந்ததில்லை. வலை கட்டி, ஆள் கூடி, நாய்களோடு விடிய விடிய விரட்டி, பல நாள் வெறுங்கையோடு திரும்பும் வேலை அது. கிடைத்த கறியும் ஊருக்குள் பல பங்காகப் பிரியும்.

மணமேல்குடி முதல் மீமிசல் வரையிலான கடற்கரைக்குப் போனால் நிலைமை சற்றுத் தேவலை. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது; வற்றுக்கடலில் நண்டும் மட்டியும் கையால் பொறுக்கலாம். அங்கே தட்டுப்பாடு குடிநீருக்கு. புரதம் செரிக்க நீர் அதிகம் வேண்டும் என்பதால், நன்னீர் இல்லாத கரையில் நண்டு தின்பது தாகத்தைக் கூட்டும். குன்றுப் பக்கத்தில் அந்தச் சிக்கல் குறைவு. சித்தன்னவாசலின் நாவற்சுனையைப் போன்ற பாறைச் சுனைகள் கோடையின் பெரும்பகுதிக்கு நீர் வைத்திருக்கும்.

கிடைப்பது தேவைக்குக் குறைந்தால் உடல் என்ன செய்யும் என்பது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வில், 36 ஆண்கள் 24 வாரம் நாளொன்றுக்கு 1,570 கிலோகலோரி அளவில் வைக்கப்பட்டார்கள். உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போயிற்று. நாடித்துடிப்பு தளர்ந்தது, குளிர் தாங்கவில்லை, பேச்சும் கனவும் சாப்பாட்டைப் பற்றியே ஆயிற்று. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி சேமிப்பு இருக்கிறது. அதனால்தான் நல்ல உடற்கட்டுள்ளவர் வாரக்கணக்கில் அரைப்பட்டினி தாங்குகிறார். மெலிந்தவருக்கு அந்தக் கையிருப்பு கிடையாது. 1992இல் அலாஸ்காக் காட்டில் தனியாக வாழப்போன கிறிஸ்டோபர் மெக்கேண்ட்லஸ், ஒரு சிறு மூட்டை அரிசியும் துப்பாக்கியும் கொண்டுபோய், அணிலும் பறவையும் கிழங்கும் தின்று நூறு நாளுக்கு மேல் தாக்குப்பிடித்தார். உடலைக் கண்டெடுத்தபோது எடை 30 கிலோவை ஒட்டியிருந்தது.

மின்னசோட்டாவின் 1,570 என்ற எண் தமிழ் நிலத்துக்குப் புதிதல்ல. தாது வருடப் பஞ்சத்தில், 1877இல், சென்னை மாகாண நிவாரண வேலைகளுக்குப் பிரிட்டிஷ் இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் வைத்த கூலி ஓர் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும். ஒரு பவுண்டு அரிசி 450 கிராம். அதன் ஆற்றல் 1,600 கிலோகலோரியை ஒட்டியது. மின்னசோட்டாவில் வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடந்தார்கள்; இங்கே கல்லுடைத்து மண் சுமந்தார்கள். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இந்த அளவு உயிரைக் காக்காது என்று அப்போதே வாதாடினார். பலன் தாமதமாகவும் அரைகுறையாகவும்தான் வந்தது. மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். பஞ்சத்தில் மக்கள் தின்ற காட்டுச் செடிகளை மருத்துவர் ஜான் ஷார்ட் பட்டியலிட்டு, 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில் வெளியிட்டார். அப்படிப்பட்ட பட்டியல்களைப் படிக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது, செடிகளின் பெயர் தெரிந்த மக்களே செத்தார்கள் என்பதுதான். மழை பொய்த்த ஆண்டில் காடும் பொய்க்கிறது. ஒரே கிழங்கை ஆயிரம் பேர் தோண்டுகிறார்கள். புதுக்கோட்டை, இராமநாதபுரம் சீமைகளில் பிழைத்தவர்களில் பலர் பிழைத்தது காட்டால் அல்ல. கடல் தாண்டி இலங்கைத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்ததால்.

இன்றைய புதுக்கோட்டையில் இந்தக் கணக்கு இன்னொரு வகையில் மாறியிருக்கிறது. மாவட்டத்தில் பச்சையாகத் தெரியும் பரப்பில் கணிசமான பங்கு தைலமரத் தோட்டம். 1974இல் தொடங்கிய தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் காகித ஆலைகளுக்காக வளர்த்தது. தைலமரத்தின் அடியில் கீரையில்லை, கிழங்கில்லை, மரத்தில் பழமில்லை. பாதை தவறிய ஒருவர் அந்தக் காட்டுக்குள் நாள் முழுக்க நடந்தாலும் ஒரு வாய்ச் சோற்றுக்கு ஈடானது அகப்படாது. அதை அடுத்தே முந்திரிக்காடு இருக்கும். முந்திரிப் பருப்பில் 100 கிராமுக்கு 550க்கு மேல். அரைக் கிலோவுக்கும் குறைவான பருப்பு ஒரு நாளைக்குப் போதும், கொழுப்பும் புரதமும் சேர்ந்தே வரும். ஆனால் பச்சைக் கொட்டையைப் பல்லால் கடித்தால் ஓட்டிலுள்ள எண்ணெய் வாயையும் கையையும் புண்ணாக்கிவிடும். ஆதனக்கோட்டையில் சாலையோரம் பெண்கள் செய்வதுபோல, ஓட்டைச் சட்டியில் வறுத்து எண்ணெய் எரிந்தபின் தட்டி உடைக்க வேண்டும். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் பலாத் தோப்புகள் உண்டு. கபிலரின் நான்கில் ஒன்று அங்கே தழைக்கிறது, வேலிக்கும் உடைமைக்கும் உட்பட்டு.

ஆக, இந்த மண்ணில் ஓர் ஆளின் 2,500 கிலோகலோரியை முழுமையாகத் தரக்கூடியவை பனை, நிலத்தடிக் கிழங்கு, கோடையின் கண்மாய், கொட்டைப் பருப்பு ஆகியவைதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவமும் ஒரு கருவியும் ஒரு பக்குவமும் உண்டு. ஒன்றின் பருவம் முடிந்து அடுத்தது வரும்வரை இடைவெளியைக் கருப்பட்டி, உலர்ந்த கிழங்கு, கருவாடு, வறுத்த ஈசல் போன்ற சேமிப்பு நிரப்ப வேண்டும். இவற்றில் முதலிடத்திலுள்ள பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஏறத் தெரிந்தவர்களின் எண்ணிக்கை குறைந்துவருவதற்கு அப்படி ஓர் ஆணை போட வழியில்லை.